எங்கள் ஆடுகளம்

பள்ளிக்கூடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? கரும்பலகை, சுண்ணக்கட்டி, நூல்கள், மணியோசை ஆகியவையே. பள்ளிக்குப் பின்னே கிடக்கும் வெற்றுநிலத்தை எவரும் முதலில் எண்ணுவதில்லை. ஆயினும், முப்பத்தாறு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியனாக இருந்து 2021-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற நான், என் வாழ்வின் பெரும்பாடங்களை வகுப்பறைக்குள் கற்கவில்லை. அந்த வெற்றுநிலத்திலேதான் கற்றேன். அவற்றுள் சில நான் செய்த பிழைகளிலிருந்து கற்றவை. அவற்றை மறைக்காமல் இங்கே கூற விரும்புகிறேன்.

1985-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கோவில்பட்டியை அடுத்த கரிசல்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் எனக்கு ஆசிரியப்பணி கிடைத்தது. ஓடு வேய்ந்த நீண்ட கட்டடம் ஒன்று. அதன் ஓரத்தில் சத்துணவுக்கூடம். வாயிலில் ஒரு வேப்பமரம். தலைமையாசிரியரும் நானுமாக ஆசிரியர் இருவர். ஐந்து வகுப்புகளிலுமாக எழுபது பிள்ளைகள். இவையே அப்பள்ளி. கட்டடத்தின் பின்புறம் ஏறத்தாழ ஓர் ஏக்கர் அளவு புறம்போக்கு நிலம் கிடந்தது. நிலம் கிடந்தது என்பதைவிட, சீமைக்கருவேலங்காடு நின்றது என்பதே பொருந்தும். ஊரார் அதனை வேலிக்காத்தான் என்பர். அதன் முள் காலில் தைத்தால் செருப்பையும் துளைத்துச் செல்லும். எங்கள் பிள்ளைகளுக்கோ செருப்பே இல்லை. எனவே, இடைவேளை மணி அடித்ததும் அவர்கள் தெருவில் ஓடியாடினர். பேருந்து வந்தால் ஒதுங்குவர். மாட்டுவண்டி வந்தால் விலகுவர். பிறகு மீண்டும் ஆடுவர்.

கோவில்பட்டி வளைகோற்பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு ஆடிப் பழகிய இளைஞர் பலர் பெரிய அணிகளில் இடம் பெற்றுள்ளனர். அந்நகரத்திலிருந்து சில கல் தொலைவிலேயே, ஓடுவதற்கு ஒரு முழ நிலமும் இல்லாத பள்ளி ஒன்று இருந்தமை எனக்கு வியப்பையும் வருத்தத்தையும் தந்தது.

நானோ ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதியவன். உடற்பயிற்சி பற்றி எங்களுக்குக் கற்பித்தவர் அதில் பேரார்வம் உடையவர். சென்னையில் 1920-ஆம் ஆண்டில் ஹாரி பக் என்னும் அமெரிக்கர் ஓர் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய வரலாற்றை அவர் சுவைபடக் கூறுவார். ஆசியாவிலேயே பழைமையான உடற்கல்விக் கல்லூரிகளுள் அது ஒன்று. உடற்பயிற்சி என்பது படைவீரருக்கு மட்டும் உரியதன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய கல்வி என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்ற அக்கல்லூரி பெரிதும் உதவியது. இவற்றையெல்லாம் கேட்டு ஊக்கம் கொண்ட நான், கழுத்தில் ஓர் ஊதலை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு குறிப்பேட்டுடன் அவ்வூருக்குச் சென்று சேர்ந்தேன்.

முதல் வேலை முள்ளை அகற்றுவது. தலைமையாசிரியர் ஊராட்சித் தலைவரிடம் பேசி ஒப்புதல் பெற்றார். ஆனால், ஊரார் எல்லாரும் உடனே மகிழ்ந்து முன்வந்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். "பிள்ளைகளைப் படிக்க அனுப்பினோமா, விளையாட அனுப்பினோமா, வாத்தியாரையா? விளையாடத் தெருப் போதாதா?" என்று கேட்டவர் பலர். அவர்கள் கேட்டதில் தவறு இல்லை. காலை முதல் மாலை வரை பருத்திக்காட்டில் குனிந்து களையெடுப்பவருக்கு, உடலை வருத்துவது ஒரு பாடம் என்றால் அது நகைப்பாகத்தானே தோன்றும்?

முதியவர் ஒருவர் மட்டும் மறுநாள் விடியற்காலையில் வெட்டரிவாளும் கவைக்கம்பும் கொண்டு வந்தார். கவைக்கம்பால் முட்செடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடியில் வெட்டினார். "தம்பி, வேலிக்காத்தானை மேலே வெட்டினால் ஒன்று ஒன்பதாகத் தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும்" என்று எனக்குக் கற்றுக் கொடுத்தார். இரண்டாம் நாள் அவருடன் நால்வர் சேர்ந்தனர். ஐந்தாம் நாள் பாதி ஊர் அங்கே இருந்தது. வெட்டிய முள்ளை விறகுக்கு விற்றோம். அவ்வாறு கிடைத்த சிறுதொகையில் இரண்டு வளையப்பந்துகளும், ஒரு கைப்பந்தும், கயிறும் வாங்கினோம்.

முள் போயிற்று, மண் இருந்தது. கரிசல்மண்ணின் இயல்பை அந்நாட்டார் நன்கு அறிவர். மழை பெய்தால் அது நீரை உறிஞ்சி வீங்கிக் காலைக் கவ்வும். வெயில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் குழந்தையின் பாதம் அகப்பட்டால் கணுக்கால் பிசகிவிடும். பருத்திக்கு நல்ல மண், ஓடும் காலுக்கு நல்ல மண்ணன்று. இதற்கும் அம்முதியவரே வழி கூறினார். ஓடைக்கரையில் கிடந்த சரள்மண்ணைப் பத்து வண்டி கொண்டுவந்து பரப்பி, நீர் தெளித்து, இறுக மிதித்தோம். மிதித்தவர்கள் யார்? எங்கள் எழுபது பிள்ளைகளே. அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வரிசையாக மிதித்த அந்த நாளே, எங்கள் பள்ளியின் முதல் விளையாட்டு நாள் என்பேன்.

ஆடுகளம் அமைந்தது. என்னென்ன ஆடினோம் என்று கேட்பீர்கள். வளையப்பந்தும் கைப்பந்தும் கடையில் வாங்கியவை. மற்றவை எல்லாம் பிள்ளைகள் தம் பாட்டன்மாரிடமிருந்து பெற்ற செல்வங்கள். சடுகுடுவைப் பாருங்கள். அதற்குப் பந்து வேண்டா, மட்டை வேண்டா. ஒரு கோடும் இரண்டு அணியும் போதும். பாடிச் செல்பவன் ஒரே மூச்சில் பகைவர் எல்லையுட் புகுந்து, தொட்டு, தன் எல்லைக்கு மீள வேண்டும். மூச்சடக்கமும், கால்விரைவும், எப்போது திரும்புவது என்னும் அறிவும் அதில் ஒருங்கே வேண்டும். நாங்கள் சரள்மண்ணில் ஆடிய அந்த ஆட்டம், 1990-ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில், கபடி என்னும் பெயரால், பதக்கத்துக்குரிய போட்டியாக இடம் பெற்றது. அதில் இந்திய அணியே தங்கம் வென்றது.

கிளித்தட்டு மற்றொன்று. நீண்ட களத்தைக் கோடுகளால் கட்டங்களாகப் பிரிப்போம். ஓரணியினர் கோடுகளின்மேல் நின்று காவல் காப்பர். மறு அணியினர் தொடப்படாமல் கட்டந்தோறும் கடந்து சென்று மீள வேண்டும். ஒருவனாக எவனும் அதில் வெல்ல இயலாது. ஒருவன் காவலனின் கண்ணைத் தன்பால் ஈர்க்க, மற்றவன் கடப்பான். பிறருக்காகத் தான் நிற்பது என்னும் பண்பை, நூறு நீதிக்கதைகள் கற்பிப்பதைவிட அவ்வாட்டம் எளிதாகக் கற்பித்தது. பாண்டி, நொண்டி, பச்சைக்குதிரை, கயிறு தாண்டுதல் ஆகியவையும் உண்டு. கிட்டிப்புள்ளுக்கு மட்டும் ஒரு விதி வகுத்தேன். புள்ளை அடிப்பவனுக்கு முன்னே, எதிரணியினர் தவிர எவரும் நிற்றலாகாது. பார்ப்பவர் அனைவரும் அவனுக்குப் பின்னே பத்தடி தள்ளி நிற்க வேண்டும். பறக்கும் புள் கண்ணைக் கெடுத்துவிடும் அன்றோ?

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

காலைப் பொழுது குளிர்ந்த பொழுது, உடற்பயிற்சிக்கு ஏற்றது, இவ்வாறே நான் படித்த நூல்கள் கூறின. ஆகவே, காலை வழிபாடு முடிந்ததும் முதல் பாடவேளையை உடற்பயிற்சிக்கு ஒதுக்கினேன். கைகளை உயர்த்துதல், குனிந்து நிமிர்தல், பின்பு ஆடுகளத்தை நான்கு முறை சுற்றி ஓடுதல் என்பது ஒழுங்கு. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் அவன் ஓடிய முறையைக் குறித்து வைப்பேன்.

நான்காம் வகுப்பில் சிறுவன் ஒருவன் இருந்தான். மெலிந்த உடல், நீண்ட கால்கள். பிற்பகல் இடைவேளையில் சடுகுடு ஆடும்போது அவனைப் பிடிக்க எவராலும் இயலாது. ஆனால், காலை ஓட்டத்தில் அவனே கடைசி. இரண்டாம் சுற்றில் பின்தங்குவான். மூன்றாம் சுற்றில் நடப்பான். மாலையில் மானாக ஓடுபவன் காலையில் ஆமையாக நடப்பதேன்? நான் சற்றும் ஆராயவில்லை. அவன் பெயருக்கு நேராகச் 'சோம்பல்' என்று எழுதினேன். அவ்வாறு எழுதியது ஒருநாள் இருநாள் அன்று, பதினொரு நாள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் காலை, அவன் மூன்றாம் சுற்றில் வழக்கம்போல் நின்றுவிட்டான். எனக்குச் சினம் மூண்டது. "நின்றதற்காக இன்னும் ஒரு சுற்று மிகுதியாக ஓடு" என்று ஊதலை ஊதினேன். அவன் என்னை நிமிர்ந்து நோக்கினான், ஒன்றும் பேசவில்லை. ஓடினான். பாதிச் சுற்றுக் கடந்ததும் கால்கள் பின்ன, சரள்மண்ணில் முகங்குப்புற விழுந்தான்.

ஓடிச்சென்று தூக்கினேன். உடல் வியர்த்துக் குளிர்ந்திருந்தது, கைகள் நடுங்கின. சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அம்மையார் செம்பில் நீருடன் ஓடிவந்தார். முகத்தில் நீர் தெளித்து, அவனைத் தம் மடியில் கிடத்திக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "காலையில் இவன் ஏதேனும் உண்டானா என்று கேட்டீர்களா, வாத்தியாரையா?"

நான் விடையின்றி நின்றேன்.

"நேற்று நண்பகல் இங்கே நான் இட்ட சோறுதான் இவன் உண்டது. இவன் அம்மா இருட்டோடு எழுந்து களைக்குப் போகிறாள். அடுப்பு மாலையில்தான் புகையும். சில நாள் அதுவும் புகையாது. இப்படி இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்" என்றார். பிறகு எழுந்து சென்று, சிறிது வெல்லம் கரைத்த நீரைக் கொண்டுவந்து, தெளிந்து எழுந்த சிறுவனுக்கு மெல்ல மெல்லப் புகட்டினார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் குறிப்பேட்டைத் திறந்தேன். 'சோம்பல்', 'சோம்பல்', 'சோம்பல்' என்று பதினொரு முறை என் கையெழுத்தே என்னைப் பார்த்து நின்றது. பசியை நான் சோம்பல் என்று படித்திருந்தேன். நாம் உண்ணும் உணவின் ஒரு பகுதி சர்க்கரைப் பொருளாக மாறிக் கல்லீரலில் சேமித்து வைக்கப்படுகிறது. இரவு உறங்கும்போது உடல் அச்சேமிப்பிலிருந்தே செலவு செய்கிறது. நண்பகலுக்குப் பின் எதுவும் உண்ணாத குழந்தை, மறுநாள் காலையில் வறண்ட கிணறு போன்றவன். அக்கிணற்றில் வாளியை விட்டு, 'நீர் ஏன் வரவில்லை?' என்று நான் கயிற்றைச் சினந்து இழுத்திருக்கிறேன்.

ஹாரி பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-ஆம் ஆண்டு என்று முன்பே கூறினேன். அதே ஆண்டில், அதே சென்னையில், மாநகராட்சியார் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தம் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கினர். பின்னர் 1956-ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நண்பகல் உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றுப் பல ஊர்களுக்கும் பரவியது. 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். உடற்பயிற்சியும் உணவும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள். நானோ ஒரு சக்கரத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்துவிட்டு, மற்றொன்றை மறந்து வண்டியை ஓட்ட முயன்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை நிறுத்தி, "காலையில் உண்ணாதவர்கள் வேப்பமரத்தடியில் அமரலாம், ஓட வேண்டா" என்று அறிவித்தேன். ஒருவரும் அசையவில்லை. நேற்று விழுந்த சிறுவன்கூட வரிசையிலேயே நின்றான். அப்போதுதான் என் இரண்டாம் பிழை எனக்குப் புலப்பட்டது. வறுமையை எழுபது பேர் முன்னிலையில் எழுந்து நின்று சொல்லுமாறு ஒரு குழந்தையைக் கேட்கலாமா? பசி ஒரு துன்பம். அதைப் பலரறியச் சொல்ல நேர்வது அதனினும் பெரிய துன்பம். எவரையும் கேட்காமலே அனைவருக்கும் பொருந்தும் ஏற்பாட்டைச் செய்வதே நல்ல பள்ளியின் கடமை.

தலைமையாசிரியரிடம் சென்று நடந்ததை எல்லாம் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காலஅட்டவணையை எடுத்துத் தம் கையாலேயே திருத்தினார். காலையில் கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும். ஓட்டமும் ஆட்டமும் மாலைக் கடைசிப் பாடவேளையில். நண்பகல் உணவு செரித்து, வெயிலும் தணிந்திருக்கும் நேரம் அது. மாற்றத்தின் காரணத்தைப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. அந்த வாரமே அச்சிறுவன் நான்கு சுற்றையும் முதலாவதாக ஓடி முடித்தான். குறிப்பேட்டை நான் அடுப்பில் இட்டுவிட்டேன்.

ஒரு சிக்கல் தீர்ந்தால் மற்றொன்று முளைக்கும். மாலை வேளை வந்ததும் பெண்பிள்ளைகளைக் காணவில்லை. ஒருத்தி தம்பியை இடுப்பில் தூக்க வேண்டும். ஒருத்தி ஊர்க்கிணற்றில் நீர் சுமக்க வேண்டும். மற்றொருத்தி வீட்டில் தீப்பெட்டி ஒட்ட வேண்டும். 'பாடம் முடிந்துவிட்டது, இனி விளையாட்டுத்தானே' என்று தாய்மார் வந்து அழைத்துச் சென்றனர். தலைமையாசிரியர் இதற்கும் ஒரு வழி கண்டார். "விளையாட்டும் பாடமே. பாடம் முடியாமல் நீண்ட மணி அடிக்காது. மணி அடிக்காமல் எவரும் வீடு செல்ல இயலாது" என்று ஊரில் அறிவித்துவிட்டார். கடைசி மணி ஆட்டத்திற்குப் பின்பே ஒலித்தது.

"பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். "அம்மா, இரண்டு குடம் நீரை அரைக்கல் தொலைவு இவள் சுமந்து வருகிறாளே, அப்போது பெண்பிள்ளைக்குச் சுமை எதற்கு என்று நாம் கேட்பதில்லையே" என்றேன். அவர் சிரித்துவிட்டார், பின்பு தடுக்கவில்லை. அம்மகள் வளையப்பந்தை எறியும்போது பார்க்க வேண்டும்! குடம் சுமந்து உரம்பெற்ற தோள், வளையத்தை வலைக்கு மேலே அம்புபோல் அனுப்பும். அவளை வெல்ல ஆண்பிள்ளைகள் பல மாதம் முயன்றனர்.

அக்காலத்தில் பி.டி. உஷாவின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. கேரளத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில், ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். மனந்தளராமல் உழைத்து, 1986-ஆம் ஆண்டு சியோல் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். செய்தித்தாளில் வந்த அவருடைய படத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். பெண்பிள்ளைகள் அப்படத்தின் முன் நின்று நெடுநேரம் பார்த்தனர்.

மூன்றாவது பிழை ஒன்றும் உண்டு. அதை உணர எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. எங்கள் பள்ளியில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய சிறுவன் ஒருவன் இருந்தான். அவனை வேப்பமரத்தடியில் அமர்த்தி, ஆட்டத்தின் எண்ணிக்கையைக் குறிக்கும் பணியைக் கொடுத்தேன். அவன் பிழையின்றிக் குறிப்பான். அவனுக்குப் பெரிய நன்மை செய்துவிட்டதாக நான் மகிழ்ந்திருந்தேன். அவனுடைய கைகள் வலியவை, குறி தவறாதவை. எறிபந்தும் வளையப்பந்தும் அமர்ந்தபடியேகூட அவனால் ஆடியிருக்க முடியும். ஆட்டத்தின் விதியைச் சிறிது மாற்றியிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவில்லை.

2016-ஆம் ஆண்டில், ரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில், சேலம் மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் ஊனமுற்றவர் அவர். அச்செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. உடனே வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த அச்சிறுவனின் நினைவும் வந்தது. அவனிடம் நான் பென்சிலைக் கொடுத்தேன், பந்தைக் கொடுக்கவில்லை. இன்று நம் நாட்டில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்துவிட்டது. 2014-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. எனினும், வேறு வேறு குறைபாடுகளோடு பிறக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் உள்ளனர். அவர்களைப் பார்வையாளர் வரிசையில் அமர்த்துவது அன்புடைமை ஆகாது. அவர்களும் ஆடும்படி ஆட்டத்தை மாற்றுவதே அன்புடைமை.

ஓய்வு பெற்றபின் 2024-ஆம் ஆண்டில் ஒருமுறை அவ்வூருக்குச் சென்றேன். ஓட்டுக் கட்டடம் போய்த் தளக் கட்டடம் எழுந்திருந்தது. வேப்பமரம் மட்டும் அங்கேயே நின்றது. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்த எனக்கு ஓர் இனிய காட்சி காத்திருந்தது. பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, சூடான ரவை உப்புமாவைச் சாம்பாருடன் உண்டுகொண்டிருந்தனர். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பெற்றது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் முதல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கப்பெற்றது. எவரையும் 'உண்டாயா?' என்று கேளாமல் அனைவருக்கும் இலையிடும் ஏற்பாடு அது. அன்றொரு நாள் நான் இரவெல்லாம் விழித்து எண்ணிய எண்ணம், என் கண்முன் தட்டில் ஆவி பறக்க இருந்தது.

அங்கே தன் மகளை விடுவதற்காக வந்திருந்த ஒருவர் என்னைக் கண்டு விரைந்து வந்து கைகூப்பினார். நெற்றி நரைத்திருந்தது, ஆயினும் அந்நீண்ட கால்களை நான் அறிந்துகொண்டேன். பேசிக்கொண்டிருந்தபோது, முப்பத்தொன்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடந்த கேள்வியைக் கேட்டேன். "அன்று பசிக்கிறது என்று என்னிடம் ஏனப்பா சொல்லவில்லை?"

அவர் சிரித்தார். "சொன்னால் என்னை விளையாட விடமாட்டீர்களோ என்று பயந்தேன், ஐயா. பள்ளிக்கு நான் வந்ததே அதற்குத்தானே!" என்றார்.

சோற்றுக்காகப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவர் என்பதை நான் அறிவேன். விளையாட்டுக்காகவும் ஒரு குழந்தை பசியை மறைத்துக்கொண்டு வரும் என்பதை அன்றே அறிந்தேன். அவ்வளவு விலை கொடுத்து அவன் நாடிய ஒன்றையா நான் தண்டனையாக அவனுக்கு விதித்தேன் என்று எண்ணியபோது என் கண்கள் கலங்கின.

அன்பு மாணவர்களே! ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்குமாறு ஓடியாட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. எலும்பும் தசையும் உரம் பெறுதற்கும், இதயம் வலிமை பெறுதற்கும், மனம் தெளிவாய் இருத்தற்கும் அது வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு வேண்டியவற்றுள் விளையாட்டிடத்தையும் சேர்த்தே எண்ணியது. ஆனால், தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்கள் கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உள்ளது. அக்கடன் திருப்பித் தரப்படுவதே இல்லை. வீட்டிலோ கைப்பேசி உங்களை நாற்காலியோடு கட்டி வைக்கிறது.

உங்கள் பள்ளியின் பின்னேயும் ஒரு வெற்றுநிலம் இருக்கக்கூடும். அதில் முள் மண்டியிருந்தால் பெரியோர் துணையுடன் அகற்றுங்கள். ஆடும்போது உங்களுக்குள் ஒருவன் பின்தங்கினால், அவனைச் சோம்பேறி என்று சொல்லும் முன் ஒருகணம் நில்லுங்கள். ஒருத்தி ஆட வரவில்லை என்றால், அவள் எதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று பாருங்கள். மரத்தடியில் ஒருவன் அமர்ந்திருந்தால், பந்தை அவன் கையில் கொடுங்கள். எங்கள் சரள்மண் ஆடுகளம் எனக்குக் கற்பித்தவை இவையே. நான் இவற்றைப் பிள்ளைகள் விழுந்தபின் கற்றேன். நீங்கள் அதற்கு முன்பே கற்றுக்கொள்ளலாம்.